வாசகர் கேள்விகள்: கடல் தாண்டி வந்தவர்களும் அங்கேயே இருந்தவர்களும்

அமெரிக்கக் கண்டங்களை ஐரோப்பியர்கள் பிடித்த வரலாறு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச்சுற்றிக் கேட்கின்றன: சில நூறு பேர் எப்படி அவ்வளவு பெரிய ராஜ்ஜியங்களைக் கவிழ்த்தார்கள்? அதற்குத்தான் இந்த முறை அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். மற்றவற்றில் சிலவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது.

கேள்வி: உலகம் தட்டை என்று எல்லாரும் நம்பிய காலத்தில், உருண்டை என்று நிரூபிக்கத்தான் கொலம்பஸ் கிளம்பினார் என்று பள்ளியில் படித்தேன். உண்மையா?

இல்லை. பூமி உருண்டை என்பது அன்றைக்குப் படித்த ஐரோப்பியர்கள் எல்லாருக்கும் தெரியும், கிரேக்கர்கள் காலத்திலிருந்தே தெரியும். தகராறு பூமி எவ்வளவு பெரியது என்பதில்தான். கொலம்பஸ் அரபு அறிஞர் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் இருந்த மைல் அளவை ரோமானிய மைல் என்று நினைத்துவிட்டார், அதனால் பூமி கால்வாசி சுருங்கிப்போனது. போதாததற்கு ஆசியா கிழக்கே மிக நீளமாக நீண்டிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து, கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு மேற்கு வழியாக ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர்தான் என்ற முடிவுக்கு வந்தார். உண்மைத் தூரம் கிட்டத்தட்ட 20,000. போர்த்துகீசிய அரசரின் நிபுணர்கள் அவரைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அறியாமை இல்லை, கணக்கு தப்பு என்று அவர்களுக்குத் தெரிந்ததுதான். நடுவில் ஒரு கண்டம் இருந்திருக்காவிட்டால், அந்த மூன்று கப்பல்களில் இருந்த 90 பேரும் கடலிலேயே செத்திருப்பார்கள்.

1492 அக்டோபர் 12-ல் பஹாமாஸில் ஒரு தீவில் இறங்கினார். அப்புறம் மேலும் மூன்று பயணங்கள். 1506-ல் இறக்கும்வரை, தான் தொட்டது ஆசியாவின் ஓரம் என்ற எண்ணத்தை விடவே இல்லை.

கேள்வி: அவருக்கு முன்னால் யாராவது போயிருக்கிறார்களா?

வைக்கிங்குகள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அவர்கள் கட்டிய வீடுகளின் அடித்தளத்தை 1960-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளின் வளையங்களை ஆராய்ந்து, அவை சரியாக 1021-ல் வெட்டப்பட்டவை என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள். நிலைக்கவில்லை, கொஞ்ச காலத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஆனால் "முன்னால்" என்றால் உண்மையான விடை வேறு. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊர் கட்டி, வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளத்தையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் மிளகாயையும் காட்டுச் செடியிலிருந்து பயிராக்கி வைத்திருந்த நிலத்தில்தான் கொலம்பஸ் போய் இறங்கினார்.

கேள்வி: ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 பேரோடு பெருவுக்குப் போய் இன்கா பேரரசையே பிடித்தார் என்கிறார்கள். மெக்சிகோவில் கோர்ட்டெஸும் அப்படித்தான். துப்பாக்கியும் குதிரையும் இருந்ததாலா? அல்லது அந்த மக்கள் இவர்களைக் கடவுள் என்று நினைத்துப் பயந்துவிட்டார்களா?

இந்தக் கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தது. கடவுள் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பெரும்பாலும் வெற்றிக்குப் பிறகு எழுதப்பட்டது. துப்பாக்கியும் அன்றைக்கு ஒரு தடவை சுட்டு மறுபடி மருந்து கிட்டிக்க வேண்டிய சாதனம், அதுவும் அவர்களிடம் கொஞ்சம்தான் இருந்தது. எஃகு வாளும் குதிரையும் உண்மையிலேயே பெரிய பலம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவை மட்டும் இருந்திருந்தால் இரண்டு பேருமே தோற்றிருப்பார்கள்.

மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1519-ல் கோர்ட்டெஸ் ஐந்நூற்றுச் சொச்சம் ஆட்களோடும் 16 குதிரைகளோடும் கரையிறங்கினார். அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகர் டெனோச்டிட்லான் ஏரிக்கு நடுவில் இருந்தது, இரண்டு லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள், அந்த அளவு நகரம் ஸ்பெயினில் ஒன்றுகூட இல்லை. அஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டியும் போரில் ஆட்களைப் பறிகொடுத்தும் வெறுத்துப்போன நாடுகள் சுற்றிலும் இருந்தன. த்லாக்ஸ்கலா அவற்றில் ஒன்று, அஸ்டெக்குகளுக்கு அடங்காமல் பல பத்தாண்டுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடு. அவர்கள் முதலில் ஸ்பானியர்களோடு மோதினார்கள். பிறகு உட்கார்ந்து யோசித்து, இவர்களை வைத்துப் பழைய எதிரியை முடிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பேச்சுவார்த்தைகளை நடத்திக்கொடுத்தவர் மலின்ட்சின் என்ற இளம்பெண். அடிமையாகக் கைமாறி ஸ்பானியர்களிடம் வந்தவர், அஸ்டெக்குகள் பேசிய நஹுவாட்ல் மொழியும் மாயா மொழியும் தெரிந்தவர், பிறகு ஸ்பானிஷும் கற்றுக்கொண்டார். அவர் இல்லாமல் நஹுவாட்ல் பேசுகிற யாரோடும் கோர்ட்டெஸால் பேசியிருக்கவே முடியாது.

டெனோச்டிட்லானுக்குள் போய்த் தங்கியிருந்த ஸ்பானியர்கள் 1520 ஜூன் 30 இரவு அங்கிருந்து அடித்துத் துரத்தப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் உயிர் பிழைக்க ஓடிய இடம் த்லாக்ஸ்கலா. அன்றைக்கு அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் கோர்ட்டெஸின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு நகரத்தை முற்றுகையிட்டபோது ஸ்பானியர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை, அவர்கள் பக்கம் நின்ற உள்ளூர் வீரர்கள் பல்லாயிரம். ஏரியில் சண்டை போடக் கட்டிய 13 கப்பல்களையும் த்லாக்ஸ்கலாவில் செய்து, கழற்றி, மலை தாண்டித் தோளில் சுமந்து வந்தவர்கள் அவர்கள்தான். இதற்கிடையில் நகரத்துக்குள் பெரியம்மை புகுந்திருந்தது. புதிதாகப் பட்டமேற்ற அரசர் குயிட்லாவாக்கே ஏறத்தாழ 80 நாளில் அதில் இறந்துபோனார். 1521 ஆகஸ்ட் 13-ல் நகரம் விழுந்தது.

பெருவிலும் கிட்டத்தட்ட இதே கதை. பிசாரோ போய்ச் சேருவதற்குள் நோய் அவருக்கு முன்னால் போய்விட்டது. பேரரசர் வய்னா கபாக் 1520களின் கடைசியில் இறந்தார், தொற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலானோர் கருத்து. மகன்கள் வாஸ்கரும் அதாவல்பாவும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அதாவல்பா ஜெயித்து, தலைநகர் கூஸ்கோவுக்குப் போகும் வழியில் கஹமார்கா என்ற ஊரில் தங்கியிருந்தபோதுதான் பிசாரோ வந்தார். 1532 நவம்பர் 16-ல், பேச்சுக்கு என்று கூப்பிட்டு, ஆயுதம் இல்லாமல் வந்த பரிவாரத்தைச் சதுக்கத்தில் அடைத்துவைத்து ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள், அரசரைப் பிடித்தார்கள். ஒரு அறை நிறையத் தங்கமும் அதைப்போல் இரண்டு மடங்கு வெள்ளியும் தந்தால் விடுவதாகப் பேச்சு. தந்தார். மறு ஆண்டே கொன்றுவிட்டார்கள். இதைப் "போர் வெற்றி" என்று எழுதுகிற புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்றைக்கு அங்கே நடந்தது விருந்தாளியை வரவழைத்துச் செய்த படுகொலை.

அதற்கப்புறமும் 168 பேரால் மலைநாடு முழுவதையும் பிடித்திருக்க முடியாது. வங்கா, கன்யாரி, சச்சபோயா போன்ற, இன்காக்களால் அடக்கப்பட்டிருந்த மக்கள் ஸ்பானியர்களுக்குச் சோறும் சுமைதூக்கிகளும் வீரர்களும் கொடுத்தார்கள். வங்காத் தலைவர்கள் தாங்கள் கொடுத்த ஒவ்வொரு மூட்டைச் சோளத்தையும் ஒவ்வொரு ஆளையும் முடிச்சுக் கயிற்றில் கணக்கு வைத்திருந்தார்கள். 1561-ல் லிமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளைப் படித்துக்காட்டி, இதற்கெல்லாம் என்ன கைம்மாறு என்று கேட்டார்கள். தங்கள் பழைய எஜமானர்களிடமிருந்து தப்பிக்க நினைத்தவர்களுக்கு அதைவிடக் கொடிய எஜமானர்கள் வாய்த்தார்கள். அது முன்கூட்டியே தெரிந்திருக்க அவர்களுக்கு வழியில்லை.

கேள்வி: நோயை வேண்டுமென்றே பரப்பினார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நோயால் செத்தார்கள் என்றால் ஐரோப்பியர்கள் மேல் பழி போட முடியுமா என்று இன்னொருவர் கேட்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டிலும் பாதி இருக்கிறது. வேண்டுமென்றே செய்ததற்கு ஒரு உறுதியான பதிவு உண்டு: 1763-ல் வட அமெரிக்காவில் ஆங்கிலேயர்களின் பிட் கோட்டையில், முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது பேச வந்த டெலவேர் பழங்குடித் தலைவர்களிடம், பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் ஆங்கிலேயர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் 16-ம் நூற்றாண்டில் அலையலையாக வந்த நோய்களை யாரும் திட்டம் போட்டுப் பரப்பவில்லை. பெரியம்மை, தட்டம்மை போன்றவற்றை அந்தக் கண்டங்களின் மக்கள் அதற்குமுன் கண்டதே இல்லை, உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை.

இரண்டாவது நண்பரின் வாதத்தைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹிஸ்பானியோலா தீவைப் பாருங்கள் (இன்றைய ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கும் தீவு). பெரியம்மை அங்கே வந்தது 1518 கடைசியில். ஆனால் 1514-ல் எடுத்த கணக்கிலேயே அந்தத் தீவின் பூர்வகுடிகளான தாய்னோ மக்கள் 26,000 பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள், 1492-ல் அங்கே பல லட்சம் பேர் இருந்தார்கள் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. இடையில் நடந்தது என்ன? 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன மணி நிறையத் தங்கம் தர வேண்டும் என்று கொலம்பஸ் போட்ட உத்தரவு, 1495-ல் ஐந்நூறுக்கு மேற்பட்டோரைப் பிடித்து ஸ்பெயினுக்கு விற்பனைக்கு ஏற்றியது, அதில் ஏறத்தாழ 200 பேர் கடலிலேயே செத்தது, பிறகு ஊர் ஊராக மக்களைக் குடியேறிகளுக்குப் பங்குபோட்டு ஆற்று மணலில் தங்கம் அலச வைத்தது. விதைக்க ஆள் இல்லை, சாப்பாடு இல்லை, குழந்தை பிறப்பது நின்றுபோனது.

நோய் வந்த இடத்திலும் இதுதான். டெனோச்டிட்லானில் படுத்தவர்களுக்கு ஒரு வாய் சோறு பொங்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் பசியாலேயே பலர் இறந்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே பிறகு பதிந்துவைத்திருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு, சொந்த வீட்டில், சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்ளப் படுத்திருந்தால் எவ்வளவோ பேர் எழுந்திருப்பார்கள். மொத்தத்தில் 150 ஆண்டுகளுக்குள் பல பகுதிகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு மக்கள் இல்லாமல் போனார்கள்.

கேள்வி: அடுத்தவர் நிலத்தை எடுக்கிறோம் என்று அவர்களுக்கு உறுத்தவே இல்லையா? எந்த உரிமையில் எடுத்தார்கள்?

சட்டப்படி எடுத்ததாகத்தான் எழுதி வைத்தார்கள். 1493-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் அந்த நிலங்களை ஸ்பெயின் அரச தம்பதிக்கு எழுதிக்கொடுத்தார். மறு ஆண்டு டோர்டெசியாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்த்துகலும் அட்லாண்டிக்கில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்து உலகத்தைப் பிரித்துக்கொண்டன. பிரேசில் போர்த்துகலுக்குப் போனது அந்தக் கோட்டால்தான்.

1513-ல் ஒரு பத்திரம் தயாரித்தார்கள். புது ஊரில் தாக்குதலுக்கு முன் அதை உரக்கப் படிக்க வேண்டும். கடவுள் உலகத்தைப் போப்பிடம் ஒப்படைத்தார், போப் இதை எங்கள் அரசருக்குக் கொடுத்தார், ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் போர் தொடுத்து உங்கள் மனைவி மக்களை அடிமைகளாக்குவோம், அதனால் வரும் சாவுக்கும் நஷ்டத்துக்கும் பொறுப்பு நீங்கள்தான், நாங்கள் அல்ல. இவ்வளவும் ஸ்பானிஷில், கேட்பவர்களுக்குத் தெரியாத மொழியில். சில சமயம் ஆள் ஓடிப்போன காலி ஊரில் படித்தார்கள், சில சமயம் கப்பலில் இருந்தபடியே. படித்தாகிவிட்டது என்று நோட்டரி கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு இடத்தில், இன்றைய கொலம்பியாவின் செனு பகுதியில், மொழிபெயர்த்துச் சொன்னபோது கிடைத்த பதிலை அந்தப் படைத்தலைவர் என்சிசோவே எழுதிவைத்திருக்கிறார்: தனக்குச் சொந்தமில்லாததைத் தூக்கிக் கொடுத்த போப் குடித்திருந்திருக்க வேண்டும், அடுத்தவன் சொத்தைக் கேட்டு வாங்கிய அரசருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். பிறகு அந்த ஊரையும் சண்டை போட்டுப் பிடித்தார்கள்.

உறுத்தியதா என்று கேட்டீர்கள். சிலருக்கு உறுத்தியது. 1511 டிசம்பரில் ஹிஸ்பானியோலாவின் சாண்டோ டொமிங்கோ தேவாலயத்தில் மொன்டெசினோஸ் என்ற பாதிரியார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளிகளைப் பார்த்து, நீங்கள் வேலை வாங்கும் இவர்கள் மனிதர்கள் இல்லையா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று கேட்டார். அடிமை வேலை வாங்கிக்கொண்டிருந்த லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியர் சில ஆண்டுகளில் தன் பங்காகக் கிடைத்த ஆட்களை விட்டுக்கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் அந்த மக்களுக்காக வாதாடினார். அவரும் ஒரு கட்டத்தில் இவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர்தான், அதற்காகப் பிற்பாடு மனம் நொந்து எழுதினார். 1542-ல் ஸ்பெயின் அரசர் அடிமைப்படுத்துவதைத் தடைசெய்து புதிய சட்டங்கள் போட்டார். பெருவில் குடியேறிகள் கலகம் செய்து, சட்டத்தை அமல்படுத்த வந்த வைஸ்ராயைக் கொன்றேவிட்டார்கள். அரசர் முக்கியமான பிரிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கேள்வி: அங்கிருந்து வந்த தங்கமும் வெள்ளியும் கடைசியில் எங்கே போயிற்று? ஸ்பெயின் ஏன் இன்னும் பெரிய பணக்கார நாடாகவில்லை?

தங்கத்தை விட வெள்ளிதான் பெரிய விஷயம். இன்றைய பொலிவியாவில், 4,000 மீட்டர் உயரத்தில், பொட்டோசி என்ற மலையில் 1545-ல் வெள்ளி கண்டார்கள். அறுபது எழுபது ஆண்டுகளில் அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர் முளைத்துவிட்டது. 1570களில் வைஸ்ராய் டொலேடோ, இன்காக்கள் காலத்து முறைப்பணியை எடுத்துச் சுரங்கத்துக்குத் திருப்பினார். சுற்றியிருந்த மாகாணங்கள் ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் ஆண்களை அனுப்ப வேண்டும். குடும்பத்தோடு, லாமாக்களோடு, வாரக்கணக்கில் நடந்து வருவார்கள். இருட்டில் தோல் ஏணியில் தாது சுமந்து ஏற வேண்டும், வெளியே வந்தால் பாதரசம் கலந்து தாதுவை மிதிக்க வேண்டும். பலர் திரும்பவே இல்லை. இந்த ஏற்பாடு 1812 வரை சட்டமாக இருந்தது.

வெள்ளி ஹவானா வழியாக ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போனது. அங்கே தங்கவில்லை, ஐரோப்பாவில் நடந்த ஓயாத போர்களுக்காக ஜெர்மானிய, ஜெனோவா வட்டிக்கடைக்காரர்களிடம் வாங்கிய கடனுக்கே போனது. 1557, 1575, 1596 எனப் பல தடவை ஸ்பெயின் அரசு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. இன்னொரு பங்கு 1565-லிருந்து மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் ஏறிச் சீனத்துக்குப் போய்ப் பட்டாகவும் பீங்கானாகவும் மாறியது.

கேள்வி: ஸ்பானியர்கள் கொள்ளைக்காரர்கள், ஆங்கிலேயர்கள் உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் என்று சொல்வது சரியா?

சரியில்லை. ஸ்பானியர்களுக்கு வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது, ஆங்கிலேயர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது, ஆள் தேவைப்படவில்லை. நிலம் வேண்டியவனுக்கு அங்கே வாழ்பவன் இடைஞ்சல். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 ஆங்கிலேயர்கள் வந்து இன்றைய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிளிமத்தில் குடியேறினார்களே, அது காலி இடம் இல்லை. பட்டுக்ஸெட் என்ற ஊரின் வயல். சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. தப்பியவர் டிஸ்குவாண்டம். எப்படித் தப்பினார் தெரியுமா, 1614-ல் ஒரு ஆங்கிலக் கப்பல்காரர் அவரைக் கடத்திப்போய் ஸ்பெயினில் விற்றிருந்தார், அவர் இங்கிலாந்து வழியாக எப்படியோ 1619-ல் திரும்பிவந்தால் ஊரில் ஒருவர்கூட இல்லை. முதல் குளிர்காலத்தில் பாதிப்பேரை இழந்து நின்ற குடியேறிகளுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பதினேழு ஆண்டு கழித்து, 1637-ல், மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் மக்களின் வேலியடைத்த ஊரை ஆங்கிலேயர்களும் அவர்களோடு சேர்ந்த வேறு பழங்குடியினரும் சுற்றிவளைத்துத் தீவைத்தார்கள். சில நூறு பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் நிறைய.

கேள்வி: ஆப்பிரிக்கர்களை எவ்வளவு பேர் கொண்டுபோனார்கள்?

கப்பல் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கின்படி ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் ஏற்றப்பட்டார்கள், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 1 கோடியே 7 லட்சம். அமெரிக்கா என்றதும் பருத்திக்காடுதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் வட அமெரிக்க நிலப்பரப்புக்கு நேராக வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் ஐம்பது லட்சத்தை ஒட்டி. காரணம் சர்க்கரை. கரும்புத் தோட்டத்தில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது 1888-ல்.

கேள்வி: யாருமே எதிர்த்து ஜெயிக்கவில்லையா?

ஜெயித்தார்கள். சிலியின் தெற்கே மபுச்சே மக்கள் குதிரைப் போரைக் கற்றுக்கொண்டு ஸ்பானிய ஆளுநர் வால்டிவியாவையே 1553-ல் கொன்றார்கள். 1641-ல் பியோபியோ ஆற்றை எல்லையாக ஏற்று ஸ்பெயின் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. இன்றைய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பூப்லோ பழங்குடி ஊர்கள் 1680-ல் ஒரே நேரத்தில் எழுந்து ஸ்பானியர்களை 12 ஆண்டுகள் வெளியே வைத்தன. எந்த நாளில் எழ வேண்டும் என்று தெரிவிக்க, முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்காக்கள் வில்கபாம்பா காட்டில் 1572 வரை தனி அரசு நடத்தினார்கள். ஹைட்டியில் அடிமைகள் 1791-ல் எழுந்து, 1804-ல் சொந்த நாடே அமைத்துவிட்டார்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. நாம் படிப்பதெல்லாம் ஐரோப்பியர்கள் எழுதியது. அந்த மக்களே எழுதியது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

இருக்கிறது. நிறைய அழிந்தும்விட்டது. மாயர்களிடம் மரப்பட்டைத் தாளில் எழுதிய புத்தகங்கள் இருந்தன. 1562-ல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மானி என்ற ஊரில் லாண்டா என்ற பாதிரியார் அவற்றைக் குவித்து எரித்தார். இன்று உலகம் முழுவதிலும் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு.

மெக்சிகோவில் நஹுவாட்ல் பேசும் நஹுவா எழுத்தர்களும் ஓவியர்களும் சகாகுன் என்ற பாதிரியாரோடு பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, தங்கள் மொழியிலேயே பன்னிரண்டு பாகங்களில் தங்கள் உலகத்தைப் பதிந்தார்கள். பன்னிரண்டாவது பாகம் ஸ்பானியர்கள் வந்த கதை. மேலே பெரியம்மை பற்றிச் சொன்னது அதிலிருந்துதான்.

ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது குவாமன் போமாவை. ஆண்டிஸ் மலைக்காரர், கெச்சுவா தாய்மொழி. 1615 வாக்கில், முதிய வயதில், ஸ்பெயின் அரசருக்கு ஏறத்தாழ 1,200 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்: இன்காக்கள் காலத்தில் எப்படி இருந்தோம், உங்கள் அதிகாரிகளும் பாதிரியார்களும் சுரங்கக்காரர்களும் எங்களை என்ன செய்கிறார்கள், நாட்டை எப்படிச் சீர்செய்யலாம். கூடவே 398 படங்கள், அவர் கையால் வரைந்தவை. அரசர் அதைப் படித்ததாக எந்தத் தடயமும் இல்லை. 1908-ல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் ஒரு ஆய்வாளர் கண்ணில் பட்டது. இப்போது அந்த நூலகம் முழுக் கையெழுத்துப் பிரதியையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பானிஷோ கெச்சுவாவோ தெரியாவிட்டாலும் படங்களைப் பார்க்கலாம். மாதத்துக்கு ஒன்றாக விதைப்பு, நீர் பாய்ச்சல், அறுவடை என்று உழவு வேலைகளை வரைந்திருக்கும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள், பிறகு அதிகாரிகளின் அட்டூழியங்களை வரைந்த பக்கங்களுக்குப் போங்கள்.